ரப்பரை சூடாக்கினால் ஏன் சுருங்குகிறது? 7 உயிர்களைப் பறித்த குளிர் காலையும்.. பாலிமர் சங்கிலிகளின் ரகசியமும்!

1986, ஜனவரி 28. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். கென்னடி விண்வெளி மையத்தின் ஏவுதளத்தில் இரவு முழுக்க தண்ணீர் உறைந்து, விடிந்தபோது ஐஸ் கட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காலை 11.38 மணிக்கு சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்டது. சரியாக 73 விநாடிகள்தான். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள அந்த ஓடம் வானத்திலேயே சிதறியது.

உள்ளே இருந்த 7 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். விண்வெளியில் இருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகத் தேர்வு செய்யப்பட்ட பள்ளி ஆசிரியை. அதனாலேயே அமெரிக்காவில் ஏராளமான பள்ளிக் குழந்தைகள் அந்தக் காட்சியை டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விபத்துக்குக் காரணம் என்ன? ராக்கெட் பூஸ்டரின் இணைப்பில் வைக்கப்பட்டிருந்த, சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு ரப்பர் வளையம்!

'குளிரில் ரப்பர் விறைத்துப் போய்விட்டது' என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதி பாதியைப் புரிந்துகொள்ளணும்னா, ரப்பர் ஏன் இழுபடுகிறது, விட்டால் ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்வியில் இருந்து தொடங்கணும். அதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப் போகிறோம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.. ஒரு நிமிட சோதனை

கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துக்கோங்க. அதை உதட்டில் லேசாகத் தொட்டுப் பாருங்க. இப்போது சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்த நிலையிலேயே மறுபடியும் உதட்டில் வையுங்க. வெதுவெதுப்பாக இருக்கும்.

அப்படியே அரை நிமிடம் இழுத்துப் பிடித்திருந்தால் சூடு ஆறிவிடும். அதன்பிறகு பேண்டை தளரவிட்டு உடனே உதட்டில் வைத்தால், இந்த முறை சில்லென்று இருக்கும்.

இன்னொரு சோதனை. ரப்பர் பேண்டில் ஒரு சின்ன எடையைக் கட்டித் தொங்கவிடுங்க. ஹேர் டிரையரால் பேண்ட் மேல் சூடான காற்றை அடியுங்க. இரும்புக் கம்பியாக இருந்தால் சூட்டில் நீண்டு, எடை கீழே இறங்கும். ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுவது இதற்காகத்தான் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ரப்பர் பேண்ட் சுருங்கி, எடையை மேலே தூக்கும்!

இழுத்தால் சூடாகிறது, சூடாக்கினால் சுருங்குகிறது. ஏன் இப்படி?

200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த பார்வையற்ற அறிஞர்

இதை முதலில் பதிவு செய்தவர் இங்கிலாந்தின் கெண்டல் நகரைச் சேர்ந்த ஜான் காஃப். சின்ன வயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். தொடு உணர்வையே நம்பி ஆராய்ச்சி செய்தவர் என்பதால், ரப்பர் துண்டை உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்து அதன் சூட்டை உணர்ந்தார். மேலே நீங்கள் செய்தது அவருடைய சோதனைதான். அவரது கட்டுரை 1805-ல் வெளியானது.

அதன்பிறகு 1859-ல் ஜேம்ஸ் ஜூல் இதைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார். ஆற்றலின் அலகான 'ஜூல்' இவர் பெயரில்தான் இருக்கிறது. அதனால் இந்த நிகழ்வுக்கு 'காஃப்-ஜூல் விளைவு' என்று பெயர்.

ஆனால் அவர்கள் இருவருக்குமே ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாது. காரணம், ரப்பருக்குள் என்ன இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

பாலிமர் என்றால் என்ன?

1920-ல் ஜெர்மனி வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் ஒரு கருத்தை முன்வைத்தார். ரப்பர் போன்ற பொருட்கள், சின்னச் சின்ன அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து உருவான மிக நீளமான சங்கிலிகள் என்றார் அவர். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று அன்றைய பெரிய வேதியியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. கடைசியில் ஸ்டாடிங்கர் சொன்னதுதான் சரி என்று நிரூபணமானது. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நீளச் சங்கிலிதான் பாலிமர். இயற்கை ரப்பரில் 'ஐசோப்ரீன்' என்ற சின்ன அலகு, ஒரே சங்கிலியில் 10,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கோத்திருக்கும்.

இந்தச் சங்கிலி நேராக நீட்டி நிற்பதில்லை. அறை வெப்பநிலையில் எல்லா மூலக்கூறுகளும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டத்தில் சங்கிலி நெளிந்து, சுருண்டு, பந்து மாதிரி கிடக்கும்.

எவ்வளவு சுருண்டிருக்கும்? ஒரு கணக்குப் பார்ப்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர், ஒவ்வொரு அடியையும் ஏதோ ஒரு திசையில் வைத்து 10,000 அடி நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பின இடத்தில் இருந்து அவர் சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருப்பார்? வெறும் 100 அடி தூரத்தில்தான்! 10,000-ன் வர்க்கமூலம் 100. அதேபோல, நீட்டினால் 10,000 அலகு நீளம் போகக்கூடிய சங்கிலி, சும்மா விட்டால் சுமார் 100 அலகு அகலத்துக்குள் சுருண்டு கிடக்கும்.

ரப்பர் இவ்வளவு தூரம் இழுபடுவதற்குக் காரணம் இதுதான். நாம் இழுக்கும்போது எதையும் பிய்ப்பதில்லை. சுருண்டு கிடப்பதை நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

சரி, விட்டால் ஏன் திரும்பி வருகிறது?

இங்கேதான் வெப்ப இயக்கவியல் உள்ளே வருகிறது.

100 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக, ஒவ்வொரு கண்ணியும் இடது பக்கமோ வலது பக்கமோ மட்டும்தான் திரும்ப முடியும். சங்கிலி முழுக்க வலது பக்கம் நீண்டு நிற்கணும்னா அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. 100 கண்ணிகளும் வலது பக்கம் பார்க்கணும்.

ஆனால் 50 கண்ணி இடது, 50 கண்ணி வலது என்று மடங்கிக் கிடப்பதற்கு எத்தனை வழிகள்? 1-க்குப் பின்னால் 29 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணிக்கை!

மூலக்கூறுகளுக்கு நேராக நிற்கணும், சுருண்டு கிடக்கணும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்கும்போது, எந்த நிலைக்கு அதிக வழிகள் இருக்கிறதோ அந்த நிலையில்தான் பெரும்பாலும் இருக்கும். பாக்கெட்டில் போட்ட இயர்போன் ஒயர் எப்போதும் சிக்கலாகத்தான் வெளியே வரும், தானாக நேராகி வந்ததே இல்லை இல்லையா? அதே கதைதான்.

இப்படி 'எத்தனை வழிகள்' என்பதை அளக்கும் அளவுக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர். இழுத்த ரப்பருக்கு என்ட்ரோபி குறைவு, சுருண்ட ரப்பருக்கு அதிகம். கையை விட்டதும் ரப்பர் சுருங்குவது, அதிக வழிகள் உள்ள நிலைக்குத் திரும்பும் பயணம்.

ஸ்டீல் ஸ்பிரிங்கில் நடப்பது வேறு. அதை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையிலான தூரம் மாறுகிறது. நாம் செலவிட்ட ஆற்றல் அந்தப் பிணைப்புகளில் சேமிக்கப்படுகிறது. ரப்பரில் பிணைப்புகளின் நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. நாம் செலவிட்ட ஆற்றல் பெரும்பாலும் சூடாக வெளியேறுகிறது. சைக்கிள் பம்பில் காற்றை அழுத்தும்போது பம்ப் சூடாகும் அல்லவா? அங்கே காற்று மூலக்கூறுகளுக்கு இடத்தைக் குறைக்கிறோம். இங்கே சங்கிலிகளுக்கு வழிகளைக் குறைக்கிறோம். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு ஒன்றுதான். உதட்டில் உணர்ந்த சூடு அதுதான்.

சூடாக்கினால் ஏன் சுருங்குகிறது?

பத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டு முனையிலும் இரண்டு ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டு வரிசையை நேராக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அமைதியாக நின்றால் ஆசிரியர்களுக்கு வேலை சுலபம். பிள்ளைகள் குதித்து ஆட ஆரம்பித்தால்? ஆசிரியர்கள் உள்நோக்கி இழுக்கப்படுவார்கள். ஆட்டம் அதிகமாக ஆக, இழுப்பும் அதிகமாகும்.

பிள்ளைகள்தான் சங்கிலியின் கண்ணிகள். ஆட்டம்தான் வெப்பம்.

அதனால் ரப்பரின் இழுவிசை, அதன் முழு வெப்பநிலைக்கு, அதாவது கெல்வின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். அதை 57 டிகிரிக்கு, அதாவது 330 கெல்வினுக்கு சூடாக்கினால், இழுவிசை சுமார் 10% கூடும். எடை மேலே வருவது இதனால்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இது இழுத்து வைத்திருக்கும் ரப்பருக்குத்தான் பொருந்தும். இழுக்காமல் சும்மா கிடக்கும் ரப்பர், மற்ற பொருட்கள் மாதிரியே சூட்டில் கொஞ்சம் விரியும், குளிரில் கொஞ்சம் சுருங்கும். லூஸான குக்கர் கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் டைட்டாகும் என்று வீட்டில் சொல்வார்களே, அது இந்தக் கணக்குதான். ஆனால் அடுப்பில் ஏற்றியதும் அது மறுபடியும் விரியத்தான் போகிறது!

முடிச்சு இல்லாவிட்டால் ரப்பர் ஓடிவிடும்!

இதுவரை ஒரே ஒரு சங்கிலியைப் பார்த்தோம். நிஜ ரப்பரில் கோடானுகோடி சங்கிலிகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று கட்டப்படாமல் இருந்தால் என்ன ஆகும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலில் ஆசிட் சேர்த்து உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகை போட்டு ஷீட் ஆக்குவார்கள். அந்தக் கச்சா ரப்பர் ஷீட்டும் இழுபடும். ஆனால் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று மெல்ல வழுக்கிப் போய்விடும். கையை விட்டாலும் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

1830-களில் அமெரிக்காவில் ரப்பர் காலணிகள் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தபோது பிரச்சனையே இதுதான். வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொண்டது. குளிர் காலத்தில் கட்டையாகிப் போனது. அதற்கு வழி தேடியவர் சார்லஸ் குட்இயர். 1839-ல், கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாக சூடான அடுப்பில் பட்டபோது, அது உருகாமல் தோல் மாதிரி உறுதியாக இருப்பதை அவர் கவனித்தார். 1844-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் பணம் சேரவில்லை. 1860-ல் கடனோடுதான் இறந்தார். இன்றைக்கு இருக்கும் குட்இயர் டயர் நிறுவனம் 1898-ல் தொடங்கப்பட்டது. அவருக்கு மரியாதையாகப் பெயர் வைத்தார்களே தவிர, அவரது குடும்பத்துக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கந்தகம் என்ன செய்கிறது? ஒரு சங்கிலிக்கும் பக்கத்து சங்கிலிக்கும் நடுவே பாலம் போடுகிறது. எல்லா சங்கிலிகளும் இப்படிக் கட்டப்பட்டதும், முழு ரப்பர் பேண்டும் ஒரே வலையாக மாறிவிடுகிறது. இதைத்தான் 'பாலிமர் வலையமைப்பு' என்கிறார்கள். இனி எந்தச் சங்கிலியும் வழுக்கி ஓட முடியாது. இழுத்தாலும் முடிச்சுகள் ஞாபகமாகப் பழைய இடத்துக்கே கூட்டி வந்துவிடும்.

முடிச்சுகளுக்கு இடையே 100 கண்ணிகள் இருந்தால், அவை சுமார் 10 கண்ணி தூரத்துக்குள் சுருண்டிருக்கும். ஆக, அதிகபட்சம் 10 மடங்கு நீட்டலாம். முடிச்சுகள் குறைவாக இருந்தால் ரப்பர் பேண்ட் மாதிரி மென்மையாக இழுபடும். முடிச்சுகள் மிக அதிகமானால் பழைய பேட்டரி பெட்டிகள் செய்யப் பயன்பட்ட கட்டை ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

பழைய பிளாஸ்டிக் பக்கெட்டை உருக்கி மறுபடி பக்கெட் செய்யலாம், பழைய டயரை உருக்கி டயர் செய்ய முடியாது. அதற்குக் காரணமும் இந்த முடிச்சுகள்தான். பக்கெட்டில் சங்கிலிகள் தனித்தனி, சூட்டில் ஓடும். டயரில் எல்லாம் ஒரே வலை, கருகுமே தவிர ஓடாது. உலகம் முழுக்கப் பழைய டயர்கள் மலைமலையாகக் குவிவதற்கு குட்இயரின் கண்டுபிடிப்பும் ஒரு காரணம் என்றால் அது மிகையில்லை.

இடியாப்பச் சிக்கலும் நோபல் பரிசும்

முடிச்சு இல்லாத பாலிமர் ஓடும் என்று சொன்னோம். ஆனால் தண்ணீர் மாதிரி ஓடாது.

தட்டில் இருக்கும் இடியாப்பத்தில் இருந்து ஒரே ஒரு இழையை மட்டும் பிய்க்காமல் உருவிப் பாருங்க. பக்கவாட்டில் இழுத்தால் வராது, சுற்றிலும் மற்ற இழைகள் தடுக்கும். அந்த இழை தன் நீளத்தின் வழியாகவே, பாம்பு ஊர்வது மாதிரி நெளிந்துதான் வெளியே வரணும். உருகிய பாலிமரில் ஒவ்வொரு சங்கிலியும் இப்படித்தான் நகர்கிறது. 1971-ல் பிரான்ஸ் இயற்பியலாளர் பியர்-கில் டி ஜென் இதைக் கணிதமாக்கினார். 1991-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதில் ஆச்சரியமான ஒரு கணக்கு இருக்கிறது. இப்படிச் சிக்கிக் கிடக்கும் சங்கிலிகளின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், பாகு மாதிரியான அந்தத் தடிப்பு இரண்டு மடங்காகாது. சுமார் 10 மடங்காகிவிடும்! உருகிய பிளாஸ்டிக் தேனை விடப் பல மடங்கு கெட்டியாக இருப்பது இதனால்தான். வேகமாக அழுத்தித் தள்ளினால் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசையாகித் தடிப்பு குறையும். பக்கெட், பாட்டில் மூடி எல்லாம் அச்சில் வார்க்க முடிவது அந்தக் குணத்தால்தான்.

திடமா? திரவமா? பரோட்டா மாஸ்டருக்குத் தெரியும்!

பிசைந்த உடனே மைதா மாவை வீச முயன்றால், இழுக்க இழுக்க மறுபடியும் சுருங்கும். அதனால்தான் பரோட்டா மாஸ்டர் மாவை உருட்டி, எண்ணெய் தடவி, ஊற வைக்கிறார். மாவில் இருக்கும் குளூட்டன் புரதமும் ஒரு பாலிமர் வலைதான். ஊறும் நேரத்தில் அதன் சங்கிலிகள் மெல்ல வழுக்கி, இழுப்பைத் தளர்த்திக்கொள்கின்றன. அதன்பிறகு வீசினால் மாவு காகிதம் மாதிரி விரியும், திரும்பச் சுருங்காது.

அதாவது ஒரே மாவு, குறைந்த நேரத்துக்கு ரப்பர் மாதிரியும், நீண்ட நேரத்துக்கு திரவம் மாதிரியும் நடந்துகொள்கிறது.

இதன் உச்சக்கட்ட உதாரணம் 'சில்லி புட்டி' என்ற பொம்மை. 1942-ல் மலாயா, சிங்கப்பூரை ஜப்பான் கைப்பற்றியது. தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களும் அதில் அடக்கம். அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. மாற்று ரப்பர் தேடிய ஆய்வுகளில், சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலம் சேர்த்தபோது வந்ததுதான் இந்தப் பொருள். தரையில் எறிந்தால் பந்து மாதிரி எகிறும். மெதுவாக இழுத்தால் ஜவ்வு மாதிரி நீளும். மேஜையில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தோசை மாவு மாதிரி பரவிவிடும். இதில் இருக்கும் முடிச்சுகள் தற்காலிகமானவை, அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொள்பவை. டயர் செய்ய உதவவில்லை. 1950-ல் பொம்மையாக விற்பனைக்கு வந்து சக்கைப்போடு போட்டது.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் தன்னைத் தளர்த்திக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது, நாம் அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம், இந்த இரண்டின் விகிதம். பைபிளில் வரும் தெபொராள் தீர்க்கதரிசியின் பாடலில் மலைகள் கரைந்தோடும் என்ற கருத்து வருவதால், 1964-ல் மார்க்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி இதற்கு 'தெபொராள் எண்' என்று பெயர் வைத்தார். எண் பெரியதாக இருந்தால் பொருள் திடம், சிறியதாக இருந்தால் திரவம்.

ஆக, பாலிமரைப் பற்றிக் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: எவ்வளவு நேரத்தில்?

குளிரில் என்ன நடக்கிறது?

சங்கிலிகள் ஆடுவதற்கு வெப்பம் வேண்டும். குளிரக் குளிர ஆட்டம் மந்தமாகும். ஒரு கட்டத்தில் கண்ணிகள் திரும்புவதே கிட்டத்தட்ட நின்றுபோகும். அந்த வெப்பநிலைக்குக் கீழே பாலிமர் கண்ணாடி மாதிரி விறைப்பாகிவிடும். இயற்கை ரப்பருக்கு இது சுமார் மைனஸ் 70 டிகிரி. திரவ நைட்ரஜனில் முக்கிய ரப்பர் பந்தைத் தரையில் போட்டால் சில்லுசில்லாக உடைவது இதனால்தான். பிவிசி-க்கு இது சுமார் 80 டிகிரி. அதனால்தான் சாதாரணமாக விறைப்பாக இருக்கும் பிவிசி பைப்பை, பிளம்பர் சூடு காட்டியதும் வளைத்துவிடுகிறார்.

ஆனால் இது சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே நொடியில் மாறும் விஷயம் இல்லை. அந்த வெப்பநிலையை நெருங்க நெருங்க, ரப்பர் ரப்பராகவே இருக்கும், ஆனால் மிக வேகமாக மந்தமாகிக்கொண்டே வரும். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு மந்தம் என்பதற்கு 1955-லேயே வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் சூத்திரம் கொடுத்துவிட்டார்கள்.

அப்படின்னா சேலஞ்சரில் நடந்தது என்ன?

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புவோம்.

சேலஞ்சரின் பூஸ்டர் ராக்கெட், பல உருளைத் துண்டுகளாகக் கொண்டுவந்து இணைக்கப்பட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் சூடான வாயு கசியாமல் தடுக்க, சுமார் 3.7 மீட்டர் விட்டம் கொண்ட இரண்டு ரப்பர் வளையங்கள் அழுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவை 'விட்டான்' என்ற ஃப்ளோரின் கலந்த ரப்பரால் ஆனவை.

ராக்கெட் பற்றவைக்கப்பட்டதும் உள்ளே அழுத்தம் ஏறும். சுமார் 0.6 விநாடிக்குள் உருளை லேசாக உப்பி, இணைப்பில் இடைவெளி கூடும். நசுங்கி இருக்கும் ரப்பர் அந்த நேரத்துக்குள் விரிந்து இடைவெளியை அடைக்கணும். அதற்குக் கிடைப்பது அந்த அரை விநாடிதான்.

விட்டான் ரப்பர் கண்ணாடி மாதிரி விறைக்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 20 டிகிரி. அன்று ஏவும் நேரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. கசிவு ஏற்பட்ட இணைப்பு அதைவிடவும் குளிராக, உறைநிலையை ஒட்டி இருந்ததாக விசாரணைக் குழு கணித்தது. ஆக, ரப்பர் கண்ணாடி ஆகவில்லை. ரப்பராகத்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்க. 24 டிகிரியில் இருந்து மைனஸ் 1 டிகிரிக்கு வந்தால், நாம் மேலே பார்த்த கெல்வின் கணக்குப்படி ரப்பரின் இழுவிசை சுமார் 8% மட்டும்தான் குறையும். ஆனால் அதே அளவு குளிரில், நசுங்கிய வளையம் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வேகம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? 5 மடங்கு! இது விசாரணை அறிக்கையிலேயே இருக்கும் எண்ணிக்கை.

விசை இருந்தது. நேரம்தான் போதவில்லை.

பற்றவைத்து முக்கால் விநாடிகூட ஆவதற்கு முன்பே, வலது பூஸ்டரின் கீழ் இணைப்பில் இருந்து கரும்புகை கிளம்பியது கேமராவில் பதிவாகி இருந்தது. 59-வது விநாடியை ஒட்டி தீப்பிழம்பு தெரிந்தது. 73-வது விநாடியில் எல்லாம் முடிந்தது.

முன்பே எச்சரித்த பொறியாளர்கள்

மிகவும் வேதனையான பகுதி இதுதான். இந்த ஆபத்து முன்பே தெரிந்திருந்தது.

ஓராண்டுக்கு முன், 1985 ஜனவரியில் சுமார் 12 டிகிரி குளிரில் ஏவப்பட்ட ஓடத்தின் வளையங்களைத் தாண்டி வாயு கசிந்து, கரி படிந்திருந்ததைப் பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி பார்த்திருந்தார். உயிரிழப்பு ஏற்படலாம் என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே அவர் எழுத்துப்பூர்வமாக எச்சரித்தார்.

ஏவுவதற்கு முந்தைய இரவு, நாசாவுடன் தொலைபேசியில் ஆலோசனை நடந்தது. 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பாய்ஸ்ஜாலியும் சக பொறியாளர் ஆர்னி தாம்ப்ஸனும் வாதாடினார்கள். குளிரில் ரப்பர் மந்தமாகும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அன்றைய வெப்பநிலையில் நிச்சயம் கசியும் என்று எண்ணிக்கையால் நிரூபிக்க முடியவில்லை. ஏவலாம் என்று நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது.

விபத்துக்குப் பிறகு, பிப்ரவரி 11-ம் தேதி விசாரணைக் குழுவின் பொது அமர்வு. குழுவில் இருந்த நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேன், அந்த ரப்பரின் சின்னத் துண்டை ஒரு கிளாம்ப்பில் இறுக்கி, தன் முன்னால் இருந்த ஐஸ் தண்ணீர் கிளாஸில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்து, கிளாம்ப்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. சில விநாடிகள் நசுங்கியே கிடந்தது. ராக்கெட்டில் அரை விநாடி தாமதமே அதிகம். டிவி கேமராக்கள் முன்னால் உலகமே அதைப் பார்த்தது.

அதன்பிறகு இணைப்பு மாற்றி வடிவமைக்கப்பட்டது. மூன்றாவதாக ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. ரப்பர் குளிராமல் இருக்க ஹீட்டரும் பொருத்தப்பட்டது. 1988 செப்டம்பர் 29-ம் தேதி டிஸ்கவரி ஓடம் கிளம்பும் வரை, அமெரிக்காவின் விண்வெளி ஓடம் எதுவும் பறக்கவில்லை.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

குக்கர் கேஸ்கெட்டும், கேஸ் ட்யூபும் பாலிமர் வலைகள்தான். அவற்றுக்குப் பிரச்சனை குளிர் கிடையாது, சூடும் வயசும்தான்.

சூட்டிலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனாலும் சங்கிலிகள் மெல்ல அறுபடும், புதிய முடிச்சுகளும் உருவாகும். நசுங்கிய நிலையில் புது முடிச்சுகள் விழுந்துவிட்டால், ரப்பர் அந்த நசுங்கிய வடிவத்தையே தன் வடிவமாக எடுத்துக்கொள்ளும். பழைய கேஸ்கெட் தட்டையாகிப் போய் விசில் வராமல் ஆவி கசிவது இதனால்தான். முடிச்சுகள் கூடக் கூட ரப்பர் இறுகி, வளைத்தால் வெடிப்பு விடும்.

அதனால் கேஸ்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்க. உடனே எழும்பி வரணும். மெதுவாக வந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்க. கேஸ் ட்யூபில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டைப் பாருங்க. வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், காலக்கெடு முடிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த முறை ரப்பர் பேண்டை இழுக்கும்போது, ஒரு நொடி உதட்டில் வைத்துப் பாருங்க. அந்தச் சின்ன சூட்டில்தான் ரப்பரின் மொத்த பலமும் இருக்கிறது.